பூவரசடிச் சந்தியில் பனங்கட்டிச் சோதனை

சிவக்கொழுந்து அக்காவை ஒற்றர் என்று சிலர் சொல்வார்கள். ஒற்றர் என்றால் ஒளித்துச் செய்ய வேண்டும். அவருக்கு எதையும் ஒளித்துச் செய்யத் தெரியாது. வடமராட்சியில், பருத்தித்துறையிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் பூவரசடிச் சந்தி வரும். அங்கே பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால், ஊர் பார்க்கத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, ஊர் பார்க்கவே பொலிசுக்கு ஆள் காட்டினார். எதிரே உபதபாற்கந்தோரில் முத்திரை விற்றுக்கொண்டிருந்த எனக்கே எல்லாம் தெரிந்தது என்றால், மற்றவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஏன் காட்டினார் என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவர் வளர்த்து ஆளாக்கிய ஒரே தம்பி தில்லைநாதன். அந்தக் காலத்தில் எங்கள் கரையிலிருந்து அக்கரைக்கு, அதாவது இந்தியாவுக்கு, கராம்பும் சவர்க்காரமும் களவாகப் போகும். அங்கிருந்து சேலையும் பீடியிலையும் வரும். அவற்றோடு ஆட்களும் வருவார்கள். மழை பொய்த்து, வயல் வெடித்து, கொழும்பிலோ மலைநாட்டிலோ ஒரு வேலை கிடைக்காதா என்று தாலிக்கொடியை விற்று வந்த சனம். இவர்களை ஏற்றி இறக்குகிறவர்களை ஓட்டி என்போம். ஐம்பத்தேழாம் ஆண்டு ஓர் ஓட்டியோடு தில்லைநாதன் போனான். படகு வந்தது, அவன் வரவில்லை.

"அங்கை இறங்கினவன், திரும்பி வந்து ஏறேல்லை" என்றான் ஓட்டி. அதற்கு மேல் ஒரு சொல்லும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

கடலில் தள்ளிவிட்டார்கள் என்றே சிவக்கொழுந்து நம்பினார். ஓட்டியின் படலைக்கு முன்னால் நின்று மண்ணை அள்ளி எறிந்து திட்டினார். "என்ரை வயிறு எரியிற மாதிரி உன்ரை குடியும் எரியும்" என்றார். ஓட்டியின் குடி எரியவில்லை. அடுத்த வருஷம் அவன் கல்வீடு கட்டினான். சிவக்கொழுந்தின் கோபம் அன்றைக்கு மூண்டதுதான், பிறகு தணியவேயில்லை.

இனி அரசாங்கத்தின் பக்கத்துக்கு வருவோம். எங்கள் கரையைக் காக்க மூன்று பகுதியார் இருந்தார்கள். களவுச் சாமான் பிடிக்கச் சுங்கம், களவாக வந்த ஆட்களைப் பிடிக்கப் பட்டாளம், இரண்டையும் பிடிக்கப் பொலிஸ். மூன்று பேரும் ஒன்றுசேர்ந்தால் ஒரு நண்டுகூடக் கரையேறியிருக்க முடியாது. ஆனால் சுங்கத்துக்குத் துப்புக் கிடைத்தால் பொலிசுக்குச் சொல்லாது, சொன்னால் படகுக்காரனுக்குப் போய்விடும் என்று பயம். பொலிசும் அதே காரணத்தைச் சொல்லிச் சுங்கத்துக்கு மறைக்கும். பட்டாளத்துக்குத் தமிழ் விளங்காது. ஆகவே அது இரண்டு பேரையும் நம்பவில்லை. ஒரே கரையில் மூன்று கூட்டம் ஒளித்திருந்து, கடைசியில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட கதையும் உண்டு. அன்று சுங்கத்து ஆள் ஒருவருக்குப் பல்லுப் போனது.

மேலிடத்துக்கு இது எட்டியதும் கட்டளை வந்தது: மூன்று பகுதியாரும் மாதம் ஒருமுறை அரசாங்க விடுதியான பருத்தித்துறை வாடிவீட்டில் கூடி ஒத்துழைக்க வேண்டும். கூடினார்கள். பொலிசுக்காகச் சார்ஜன்ட் இராசநாயகம் போவார். இணுவில் ஆள், தன்மையானவர், வாய்தான் கொஞ்சம் நீளம். சுங்கத்திலிருந்து மானிப்பாய்ப் பஞ்சலிங்கம். பட்டாளத்திலிருந்து வீரக்கோன் என்ற இளம் லெப்டினன்ட். மூவரும் நல்ல கோழிக்கறியோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு, பூரண ஒத்துழைப்பு நிலவுகிறது என்று கொழும்புக்கு அறிவித்துவிட்டுக் கலைவார்கள்.

அந்தக் காலத்தில் சார்ஜன்ட் இராசநாயகம் சிவக்கொழுந்தின் தேத்தண்ணிக் கடைக்கு வந்து வாங்குப் பலகையில் குந்தியிருப்பார். வேஷம் போட்டு வருவதாக அவருக்கு நினைப்பு. சாரமும் பனியனும்தான், காலில் மட்டும் பொலிஸ் சப்பாத்து. காலை பஸ்சுக்கு நிற்கிற சனத்தில் யார் ஊரவன், யார் கடல் தாண்டி வந்தவன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. வந்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், ஊமை போல இருப்பார்கள். எங்கள் ஆட்களும் காலையில் வாய் திறக்காத இனந்தான்.

ஒருநாள் சிவக்கொழுந்து கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"சாஜன் ஐயா, அந்த மூலையிலை இருக்கிறவன் அக்கரையான்."

"எப்பிடித் தெரியும் அக்கா?"

"அவன்ரை கிளாசைப் பாருங்கோ. பனங்கட்டியை உள்ளை போட்டுக் கலக்கிறான்."

அந்தக் கடையில் பால் விடாத வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டித் துண்டு ஒன்றை, அக்கரையில் கருப்பட்டி என்பார்கள், தனியாகக் கொடுப்பார்கள். எங்கள் ஆட்கள் அதை உள்ளங்கையில் வைத்து, ஒரு கடி கடித்து, ஒரு மிடறு குடிப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த பழக்கம், அதை ஒரு பழக்கம் என்று நாங்கள் நினைத்ததேயில்லை. அக்கரையில் இனிப்புக் கலந்துதான் குடிப்பார்களாம். ஆகவே கையில் துண்டைக் கொடுத்தால் கிளாசுக்குள் போட்டுவிடுவார்கள்.

மூலையில் இருந்தவனைச் சார்ஜன்ட் போய்ப் பிடித்தார். அவன் அழுதான். இராமநாதபுரத்துப் பக்கத்து ஆள், மலைநாட்டில் மாமன் இருக்கிறார், மூன்று பிள்ளைகள் என்றான். சிவக்கொழுந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏத்திக்கொண்டு வந்தவன் ஆர் எண்டு கேளுங்கோ" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேண்டியது ஓட்டிகளின் பெயர். வந்த சனத்தின் கண்ணீர் அவருக்குக் கண்ணில் படவில்லை என்றுதான் நான் சொல்வேன். அதற்காக எனக்கு அவர்மேல் அன்றும் கோபம் இருந்தது, இன்றும் உண்டு.

அடுத்த கூட்டத்தில் இராசநாயகம் இந்தச் சங்கதியை எடுத்துவிட்டார். வீரக்கோனுக்கு அது நிரம்பப் பிடித்துப் போயிற்று. தமிழ் தெரியாதவனுக்கும் கண் இருந்தால் போதும் என்ற சோதனை அல்லவா? பஞ்சலிங்கமும் தலையாட்டினார். மூன்று பகுதியாரும் மனம் ஒத்து ஏற்றுக்கொண்ட முதல் விஷயம் ஒரு துண்டுப் பனங்கட்டி. வழித்தடைகளிலெல்லாம் பட்டாளத்துச் சமையற்காரன் பெரிய கேத்தலில் தேத்தண்ணி காய்ச்சினான். சந்தேகத்துக்கு ஆளானவனுக்கு ஒரு கிளாசும் ஒரு துண்டும் கொடுத்துவிட்டு, துவக்கோடு இரண்டு பேர் நின்று அவன் எப்படிக் குடிக்கிறான் என்று பார்ப்பார்கள். பயத்தில் சிலருக்குத் தொண்டைக்குள் இறங்காது.

அதே கூட்டத்தில் இன்னொரு விதியும் போட்டார்கள். பிடித்த ஆளை யாராவது காசு வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று ஒவ்வொரு பகுதியாருக்கும் மற்ற இரண்டு பகுதியார்மேலும் சந்தேகம். ஆகவே எவர் பிடித்தாலும் மூவரும் சம்மதித்தால்தான் விடலாம் என்று முடிவாயிற்று. கேட்கும்போது நல்ல விதியாகத்தான் இருந்தது.

முதலில் நிறையப் பேர் அகப்பட்டார்கள். ஆனால் ஓட்டிகள் மடையர்களா? விஷயம் பிடிபட்டதும் படகிலேயே பள்ளிக்கூடம் வைத்துவிட்டார்கள். படகின் முன்பக்கம், அணியத்தில் இருப்பவன் எல்லோருக்கும் ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டைக் கொடுத்து, எப்படிக் கையில் வைப்பது, எவ்வளவு கடிப்பது என்று கரை வரும்வரை பழக்குவான். பிறகு அக்கரையிலிருந்து வந்த சனம் எங்களைவிட அழகாகக் கடித்துக் குடித்தது. அகப்பட்டவர்கள் எங்கள் ஆட்கள். கண்டியில் வளர்ந்து சீனித் தேத்தண்ணி பழகிய ஒரு கிளாக்கர். பல்லில்லாததால் பனங்கட்டியைக் கரைத்துக் குடித்த ஒரு நாதஸ்வரக்காரர். சலரோகம், இனிப்பு ஆகாது என்று துண்டைத் தொடாமல் விட்ட கோயில் மணியகாரரை ஒரு பகல் முழுக்க முகாமில் வைத்திருந்தார்கள்.

சோதனை வேலை செய்யவில்லை என்று மூவருக்கும் தெரியும். ஆனால் அதைக் கைவிடுவோம் என்று முதலில் சொல்கிறவர் ஒத்துழைப்பைக் குலைத்தவர் ஆகிவிடுவாரே! ஒருவரும் சொல்லவில்லை. கேத்தல் கொதித்துக்கொண்டே இருந்தது.

அறுபத்தாறில், தை மாதத்தில் ஒரு காலை. கடையில் நல்ல சனம். சார்ஜன்ட் தம் வாங்கில் இருந்தார். கூட்டு நடவடிக்கை என்பதால் பக்கத்தில் பட்டாளத்து ஆள் ஒருவனும் இருந்தான். ஒல்லியாக, நரை விழுந்த தாடியோடு ஒருவன் வந்து ஓரமாக இருந்தான். சிவக்கொழுந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்றபடியே கிளாசையும் துண்டையும் மேசையில் வைத்தார். வந்தவன் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தபடியே பனங்கட்டியைக் கிளாசுக்குள் போட்டு விரலால் கலக்கினான்.

பட்டாளத்தான் எழுந்து அவன் தோளில் கை வைத்தான். கிளாஸ் விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்பிய சிவக்கொழுந்து, கையில் இருந்த கேத்தலைத் தம் காலடியிலேயே போட்டுவிட்டார். கொதிதண்ணி காலில் பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"தில்லை! சாஜன் ஐயா, உவன் என்ரை தம்பி! கையை எடுக்கச் சொல்லுங்கோ!"

இராசநாயகம் நம்பினார். அவர் அந்த வாங்கில் இருந்து குடித்த தேத்தண்ணிகளில் பாதி, தம்பியின் கதையைக் கேட்டுக்கொண்டே குடித்தது. ஆனால் பக்கத்தில் நின்றவன் பட்டாளம். "அக்கா, மூண்டு பேரும் ஓம் எண்டால்தான் விடலாம். என்ரை சம்மதம் இப்பவே இருக்கு, மற்ற இரண்டையும் நான் வாங்கித் தாறன்" என்று சொல்லிக்கொண்டே, தில்லைநாதனைத் தாமே ஜீப்பில் ஏற்றினார்.

அன்றிலிருந்து சிவக்கொழுந்து வெந்த காலில் வாழையிலைச் சுற்றோடு அலைந்தார். சுங்கக் கந்தோருக்குப் போனார். பஞ்சலிங்கம் கதிரை போட்டு இருத்தினார், மரியாதையாகத்தான் கதைத்தார். "உங்கடை தம்பி எண்டால் இன்னும் நல்லது அம்மா. ஐம்பத்தேழிலை அவன் போன படகைப்பற்றி எனக்குக் கொஞ்சம் கேட்கவேணும். அவன் சொன்னால் நான் ஓம் எண்டுறன்." தில்லைநாதன் சொல்ல மறுத்தான். காட்டிக்கொடுத்துவிட்டு அந்தக் கரையில் எப்படி இருப்பது? சார்ஜன்டோடு முகாமுக்குப் போனார் சிவக்கொழுந்து. வாசலில் நின்றவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. வீரக்கோன் வந்து, சார்ஜன்டிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். சார்ஜன்ட் தலையைச் சொறிந்துகொண்டு மொழிபெயர்த்தார்.

"சோதனையிலை பிழைச்சவனைத் தான் எப்பிடி விடுறது எண்டு கேக்கிறார். சோதனை உங்கடைதானே எண்டும் சொல்லுறார்."

ஊரில் சாட்சிக்கு ஆள் தேடினார். படிப்பித்த வாத்தியார் செத்துப்போயிருந்தார். பக்கத்து வீட்டுச் சனம் படலையைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அரைவாசி வீட்டில் ஓட்டி இருந்தான், அல்லது ஓட்டிக்குக் கடன்பட்டவன் இருந்தான். அவர்களைக் காட்டிக்கொடுத்துச் சிவக்கொழுந்து இத்தனை வருஷமாகத் தேடி வைத்திருந்த கைம்மாறு அப்போது வந்து சேர்ந்தது. நான் போய்ச் சொன்னேன், அவன் இந்த ஊர்ப் பிள்ளைதான் என்று. நான் கோப்பாய் ஆள், ஐம்பத்தொன்பதில்தான் இங்கே வேலைக்கு வந்தவன் என்பதைப் பஞ்சலிங்கம் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

மாதக் கூட்டத்தன்று சிவக்கொழுந்து வாடிவீட்டுக்கே போய்விட்டார். துணைக்கு நான் போனேன். சாப்பாடு முடிந்து மூவருக்கும் தேத்தண்ணி வந்திருந்த நேரம். சிவக்கொழுந்து மேசையருகே போனார். தம் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பனங்கட்டியை எடுத்து, லெப்டினன்டின் கோப்பைக்குள் போட்டார். விரலை விட்டுக் கலக்கினார். அவருடைய கோப்பையிலேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இப்ப என்னையும் பிடியுங்கோ. நான் பிறந்தது இந்தக் கரையிலை, என்ரை தாய் தேப்பன் எரிஞ்சதும் இந்தக் கரையிலை. நான் சொன்ன சோதனை பிழை ஐயா. பிழை எண்டு உங்கள் மூண்டு பேருக்கும் எனக்கு முந்தியே தெரியும்."

சார்ஜன்ட் அதை ஆங்கிலத்தில் சொன்னார். வீரக்கோன் முகம் சிவந்து வெறுங் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட பிள்ளை இல்லை அவர். தனியாக இருந்திருந்தால் விட்டிருப்பார். பஞ்சலிங்கமும் தனியாக இருந்திருந்தால் விட்டிருப்பார். மூவரும் ஒன்றாக இருந்தபடியால், அக்கரைக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

தலைமன்னாரில் கப்பல் ஏற்றினார்கள். சிவக்கொழுந்து அங்கும் போனார். கப்பலடிக்கு அவரை விடவில்லை. வேலிக்கு வெளியே மணலில் குந்தியிருந்து, கப்பல் மறைந்த பிறகும் எழும்பாமல் இருந்தார் என்று சார்ஜன்ட் எனக்குச் சொன்னார்.

இராமேஸ்வரத்தில் இறங்கியதும் அந்தப் பக்கத்து அதிகாரிகள் அவனைத் தங்கள் ஆவணங்களில் தேடினார்கள். அங்கே அவன் இருந்தான். ஐம்பத்தேழில் களவுச் சாமானோடு பிடிபட்டு, இலங்கைக்காரன் என்று பதிவாகி, அவர்களுடைய சிறையில் மறியல் இருந்தவன். "இவன் உங்கள் ஆள், எங்களிடம் ஏன் தள்ளுகிறீர்கள்?" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கூடப் பிறந்தவள் தலையில் அடித்துச் சொன்னதை நம்பாத மூன்று பகுதியாரும், அந்நிய அரசாங்கம் சொன்னதும் உடனே நம்பினார்கள். இரண்டு நாடுகளுக்கிடையே ஒத்துழைப்புக்கு இது ஓர் எடுத்துக்காட்டு என்று அந்த மாதம் கொழும்புக்கு எழுதினார்களாம்.

தில்லைநாதன் வீட்டுக்கு வந்தான். அக்கா குளிக்க வார்த்து, ஒடியற்கூழ் காய்ச்சிக் கொடுத்தார். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறியலால் வந்து உப்பளத்தில் வேலை செய்தானாம், ஒரு பெண்ணோடு இருந்தானாம், அவள் பிள்ளைப்பேற்றில் செத்துப்போனாளாம். எல்லாவற்றையும் சொன்னான். இதைச் சிவக்கொழுந்து பிறகு என்னிடம் ஒருமுறைதான் சொன்னார், அதுவும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"படகிலை பழக்கினவங்களாமே. நீ ஏன்ரா பழகேல்லை?" என்று கேட்டாராம்.

"நான் வடமராட்சியான், எனக்கோ பழக்கிறியள் எண்டு சிரிச்சனான் அக்கா. கை பழகிப்போச்செண்டது எனக்கே தெரியேல்லை."

சிவக்கொழுந்தும் சிரித்தாராம். சிரித்த வாயோடேயே கேட்டாராம், அத்தனை வருஷத்தில் ஒரு சொல்லாவது ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று. வந்து போகிறவன் எவனிடமும் 'நான் பூவரசடிச் சிவக்கொழுந்தின்ரை தம்பி, உயிரோடை இருக்கிறன்' என்று சொல்லியிருக்கலாமே.

தில்லைநாதன் கையைக் கழுவிக்கொண்டு சொன்னான்:

"அங்கை கரையிலை உன்ரை பேர் எல்லாருக்கும் தெரியும் அக்கா. ஏறவாற சனத்துக்கு முதல் சொல்லுறதே அதுதான். பூவரசடிச் சந்தியிலை ஒரு பொம்பிளை இருக்கிறா, அவவின்ரை கண்ணிலை பட்டால் துலைஞ்சியள் எண்டு. பிடிபட்டுத் திரும்பி வந்த சனம் என்ரை உப்பளத்திலைதான் வேலைக்கு வந்து நிண்டது. அதுகளுக்கு முன்னாலை, நான் உன்ரை தம்பி எண்டு எப்பிடிச் சொல்லுறது? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எனக்கு அப்ப செத்துப்போனால் நல்லது போல இருந்தது தம்பி" என்று அவர் என்னிடம் சொன்னார். அவர் எனக்குச் சொன்னதில் அழுகை இருந்தது அந்த ஒரு வசனத்தில்தான்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் கடை திறந்தது. வழக்கம்போல் சார்ஜன்ட் இராசநாயகம் வந்து தம் வாங்கில் இருந்தார். பஸ்சுக்குச் சனம் சேர்ந்துகொண்டிருந்தது. தபாற்கந்தோர்க் கதவைத் திறந்துகொண்டு நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவக்கொழுந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார், சீனி போட்டுக் கலக்கியது. சார்ஜன்ட் கையை நீட்டிக்கொண்டு பனங்கட்டிக்குப் பார்த்திருந்தார்.

"இதைக் குடிச்சிட்டு எழும்புங்கோ சாஜன் ஐயா. இனி உதிலை இருக்காதேங்கோ."

"ஏன் அக்கா? நான் என்ன செய்தனான்?"

"என்ரை தம்பி வந்து இருக்க இடம் வேணும்."

சார்ஜன்ட் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு எழுந்து, வாங்கைத் தம் கையால் துடைத்துவிட்டுப் போனார்.